சுவிஸ் சுற்று – 6: பாண் கூடையும் தங்கச் சட்டையும்

சென்ற வாரம் 1942இல் நிறுத்தியிருந்தோம். நாலு பக்கமும் போர். எல்லைகள் மூடிக் கிடந்தன. சைக்கிள் டயருக்குக்கூடப் பங்கீடு. அந்த நிலையிலும் ஒரு சுவிஸ் சுற்று நடந்தது, மூன்றே கட்டங்கள். முதலாவதாக வந்தவர் பெரிய மூக்கும் ஒட்டிய கன்னமும் கொண்ட ஓர் இளைஞர், ஃபெர்டினான்ட் கூப்லர். அதன்பின் மூன்று கோடைகள் ஓட்டமே இல்லாமல் கழிந்தன.

இடையில் சேர்ந்துகொள்பவர்களுக்காக நாலு வரி. சுவிஸ் சைக்கிளோட்டச் சங்கம் தன் 50ஆவது ஆண்டைக் கொண்டாட 1933 ஆகஸ்ட் 28ஆம் திகதி சூரிச்சில் தொடக்கிவைத்த ஓட்டம் இது. ஒரு நாளைக்கு ஒரு கட்டம். ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடியும். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்கு ஆகக் குறைந்த நேரமோ அவருக்குத் தங்க நிறச் சட்டை. முதல் சட்டையை ஆஸ்திரியரான மாக்ஸ் புல்லா கொண்டுபோனார். சொந்த நாட்டார் ஒருவர் கையில் அது சேர 1937 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அவர் கார்ல் லிச்சி.

போர் ஓய்ந்தது. 1946இல் ஓட்டம் திரும்பியது. இத்தாலியின் ஜீனோ பார்த்தாலி வந்தார், வென்றார். 1947இலும் வந்தார், வென்றார். சுவிஸ்காரர்கள் வீதியோரம் நின்று கைதட்டினார்கள்.

இந்த வாரம், அந்தக் கைதட்டல் கூச்சலாக மாறிய கதை. இரண்டு பாண் பையன்களின் கதை.

* * *

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாண் என்பதைத்தான் தமிழ்நாட்டு வாசகர்கள் ரொட்டி என்றும் பிரெட் என்றும் சொல்வார்கள். விடியற்காலையில் சைக்கிளின் பின்பெட்டி நிறையப் பாணோடு ஒழுங்கைக்குள் மணியடித்து வந்த மனிதரை எங்கள் தலைமுறை மறக்காது. பெட்டியைத் திறந்ததும் அடிக்கிற அந்தச் சூட்டு வாசம்!

சூரிச்சிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பாண் கடையில் வேலைக்குச் சேர்கிற பையனுக்கு முதல் வேலை, கூடையை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பது.

கூப்லர் 1919 ஜூலை 24ஆம் திகதி மார்த்தாலன் என்ற கிராமத்தில் பிறந்தவர். வறிய குடும்பம். பள்ளிக்கூடம் முடிந்ததும் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். அதில் ஒன்று பாண் கொண்டுபோய்க் கொடுப்பது. ஏரிக்கரையில் கடை, மேட்டில் வாடிக்கையாளர் வீடுகள். பாரத்தோடு ஏறி, வெறுங்கூடையோடு இறங்கி, மறுபடியும் பாரத்தோடு ஏறுவது. சம்பளம் வாங்கிக்கொண்டு மலையேற்றப் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர் அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று எழுத நினைத்தேன். முடியாது. இன்னொருவரும் இருக்கிறார்.

ஹூகோ கோப்லெட், 1925 மார்ச் 21. சூரிச் நகரத்துக்குள்ளேயே, ஆஸர்ஸீல் பகுதியில், பாண் சுடுகிற குடும்பத்தில் பிறந்தவர். இன்று நம்மவர் மரக்கறிக்கும் கருவாட்டுக்கும் போகிற லாங்ஸ்ட்ராஸ இருக்கிற அதே பகுதிதான். அப்போது அது தொழிலாளர் குடியிருப்பு. சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தார். தாயும் குடும்பமும் கடையை இழுத்துக்கொண்டு போக, பையன் கூடையைத் தூக்கினான்.

ஒருவர் கூலிக்கு மிதித்தவர், மற்றவர் சொந்தக் கடைக்கு மிதித்தவர். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பின்னாளில் ஒரு நாடே பெரிதாக்கிப் பேசியது.

* * *

கொஞ்சம் நின்று ஒரு கேள்வி. ஐம்பது இலட்சத்துக்கும் குறைந்த சனத்தொகை கொண்ட ஒரு குட்டி நாட்டில் ஒரே சமயத்தில் இப்படி இரண்டு பேர் எப்படி முளைத்தார்கள்?

மலை இருக்கிறது, அதனால் என்பார்கள். மலை 1933இலும் இருந்ததே, வென்றவர் ஆஸ்திரியர் அல்லவா! என் கணக்கு வேறு. போர் மற்ற நாடுகளின் ஓட்டக்காரர்களிடமிருந்து எடுத்ததை இவர்களிடமிருந்து முழுதாக எடுக்கவில்லை. இத்தாலியின் ஃபாவுஸ்தோ கோப்பி 1943இல் துனிசியாவில் ஆங்கிலேயரிடம் போர்க் கைதியாகப் பிடிபட்டுக் கிடந்தார். பார்த்தாலியின் மிகச் சிறந்த ஆண்டுகள் ஓட்டமில்லாமலே போயின. சுவிஸில் சோறு குறைந்தது, டயர் குறைந்தது, வெளிநாட்டு ஓட்டங்கள் நின்றன. ஆனால் உள்ளூர் ஓட்டங்கள் நின்று நின்றாவது தொடர்ந்தன. குண்டு விழாத வீதிகள் இருந்தன. 1945இல் கதவு திறந்தபோது களைக்காத கால்களோடு வெளியே வந்தவர்கள் இவர்கள். அதிர்ஷ்டத்தைத் திறமை என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டுக்கும் உண்டு.

கோப்லெட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது: ஊர்லிக்கன். சூரிச்சின் வடக்கில் 1912இல் திறந்த சீமெந்து ஓடுதளம், ஒரு சுற்று 333 மீட்டர். அவர் அங்கே வளர்ந்தவர். சரிந்த சீமெந்தில் மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி, இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாமல் மிதிக்கப் பழகியிருந்தார். கீழே கால்கள் இயந்திரம், மேலே முகம் ஞாயிற்றுக்கிழமைப் படம் எடுக்க உட்கார்ந்தவர் முகம்.

கூப்லர் அதற்கு நேர்மாறு. முழு உடம்பும் மிதிக்கும். தோள் ஆடும், வாயில் நுரை தள்ளும், வேகம் எடுக்கும்போது குதிரைபோலக் கனைப்பாராம். தன்னையே படர்க்கையில் பேசுவார். நான் போகிறேன் என்று சொல்லமாட்டார்; ஃபெர்டி போகிறான் என்பார். பக்கத்தில் ஓடுகிறவனுக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

1948 சுவிஸ் சுற்றுத் தங்கச் சட்டை கூப்லருக்கு. 1949இல் கொட்ஃபிரிட் வைலன்மன் என்ற இன்னொரு சுவிஸ்காரர் வென்றார். பார்த்தாலியின் நிழல் விலகிவிட்டது.

அடுத்தது 1950.

* * *

அந்த ஆண்டு மே மாதம் இருவரும் இத்தாலிச் சுற்றுக்குப் போனார்கள். 1909இல் தொடங்கிய அந்த ஓட்டத்தை அதுவரை இத்தாலியர் அல்லாத ஒருவர்கூட வென்றதில்லை. கத்தோலிக்கரின் புனித ஆண்டு என்பதால் ஓட்டம் ரோமில் முடிந்தது. கோப்பி இடையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். 25 வயதுக் கோப்லெட் பார்த்தாலியை இரண்டாமிடத்துக்குத் தள்ளிவிட்டு முதலாவதாக நின்றார். கூப்லர் நாலாவது.

ரோமிலிருந்து ஊர் திரும்பிச் சில நாட்களில் சுவிஸ் சுற்று தொடங்கியது. கோப்லெட் அதையும் வென்றார். தன் முதல் தங்கச் சட்டை.

கூப்லருக்கு அந்த மாதம் எப்படி இருந்திருக்கும்! தன்னைவிட ஆறு வயது இளையவன். தானும் ஓடிய இரண்டு ஓட்டங்களிலும் அவன் முதல்வன். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அவன் படம்.

கூப்லரின் பதில் பிரான்சில் வந்தது. ஜூலையில் நடந்த பிரான்ஸ் சுற்றுக்குக் கோப்லெட் போகவில்லை, கூப்லர் போனார். 31 வயது நிறைந்த மறுநாள், ஜூலை 25, பிரெனே மலையில் ஆஸ்பின் கணவாய். பார்த்தாலி மீது பிரெஞ்சு இரசிகர்கள் பாய்ந்தார்கள். அன்றைய கட்டத்தை அவரே வென்றார். ஆனாலும் இரவோடிரவாக இத்தாலியர் அனைவரும் ஓட்டத்தைவிட்டு விலகிவிட்டார்கள். முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையில் இருந்த ஃபியோரென்சோ மாக்னியும் விலகினார். அடுத்த நிலையில் இருந்தவர் கூப்லர்.

கிடைத்த சட்டை என்று வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் உண்டு. அவர் கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மூன்று கட்டங்களை வென்று, இரண்டாவதாக வந்த பெல்ஜியர் ஸ்தான் ஒக்கர்ஸை ஒன்பதரை நிமிடம் பின்னால் விட்டுப் பாரிஸுக்குள் நுழைந்தார். பிரான்ஸ் சுற்றை வென்ற முதல் சுவிஸ்காரர்.

ஒரே ஆண்டில் இத்தாலி ஒருவருக்கு, பிரான்ஸ் ஒருவருக்கு, சொந்த நாட்டுச் சட்டை இளையவருக்கு. நாடு இரண்டாகப் பிளந்தது.

* * *

எம்ஜிஆர், சிவாஜி என்று ஒரு ஊரே இரண்டு பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. கிராமத்தானும் கஷ்டப்பட்டு மேலே வந்தவனும் கூப்லர் பக்கம். பட்டணத்துக்காரரும், கொஞ்சம் அழகு பார்ப்பவர்களும், முக்கியமாகப் பெண்களும் கோப்லெட் பக்கம். வீடுகளில் தொலைக்காட்சி இல்லை. பெரோமூன்ஸ்டர் வானொலிதான் கண். உணவுக் கடைகளில் வானொலியைச் சுற்றி நின்று கேட்டார்கள். பெயரின் முதலெழுத்து இரண்டுக்கும் ஒன்றே என்பதால் 'இரண்டு கே' என்றே ஊர் அழைத்தது.

கூப்லருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: அட்லிஸ்வில் கழுகு. ஜெர்மன் மொழியில் கழுகுக்கு 'ஆட்லர்'. அவர் வாழ்ந்த ஊர் அட்லிஸ்வில். ஓசை பொருந்த வைத்த பெயர். ஊரின் பெயரைக் கேட்டதும் நம்மவருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சூரிச் வட்டாரத் தமிழர் கோடையில் தேர் இழுக்கிற சிவசுப்பிரமணியர் கோயில் அங்கேதான் இருக்கிறது. மயிலேறும் பெருமாள் குடிவருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் ஒரு கழுகு இருந்திருக்கிறது. தேருக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் இந்தத் தொடருக்காகப் படிக்கும்வரை தெரியாது.

நான் இருப்பது ஷ்லீரனில். சூரிச்சின் மேற்கு வாசல், லிம்மாத் ஆற்றங்கரை. ஒரு காலத்தில் இந்த ஊர் என்றால் வாகி. இரயில் பெட்டிகளும் மின்தூக்கிகளும் செய்த தொழிற்சாலை. 1985இல் மூடினார்கள். இப்போது அந்த வளவுக்குள் உயிரியல் ஆய்வுகூடங்கள். கூப்லரும் கோப்லெட்டும் ஓடிய காலத்தில் தொழிலாளியின் வாகனம் வெலோதான். சைக்கிளுக்கு இங்கே வெலோ என்று பெயர். வந்து இரண்டு மாதத்தில் நம்மவர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் ஆண்டும் காசு கட்டி இலக்கம் வாங்கி வெலோவில் ஒட்டிய காலமும் இருந்தது. அந்த ஒட்டுச்சீட்டை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நின்றவர்களில் நானும் ஒருவன்.

தன் வேலைக்குத் தான் மிதிக்கிற அதே பொருளில் ஏறி ஒருவன் பார்த்தாலியை முந்துகிறான் என்றால் தொழிற்சாலை வாசலில் நிற்கிறவனுக்கு நெஞ்சு நிமிராதா?

* * *

இந்த இடத்தில் மலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது.

ஷ்லீரனிலிருந்து ஊட்டிகோன் என்ற அயலூருக்கு ஒரு வீதி ஏறுகிறது. கீழே ஏறத்தாழ 390 மீட்டர், மேலே 550. அவ்வளவுதான். இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட உற்சாகத்தில் ஒரு சனிக்கிழமை அதில் மிதித்துப் பார்த்தேன். முதல் வளைவில் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். இரண்டாவதில் இறங்கி, யாருக்கோ தொலைபேசி எடுப்பதுபோலப் பாவனை செய்தேன். மூன்றாவது வளைவிலிருந்து தள்ளிக்கொண்டுதான் போனேன். பள்ளிக்கூடப் பையொன்று முதுகில் ஆட, ஒரு சிறுமி என்னைக் கடந்து போய் 'குரூயெட்சி' சொன்னாள்.

சுவிஸ் சுற்று ஏறுகிற கொத்தார்ட் கணவாய் 2106 மீட்டர். கிரிம்சல் 2164. சுஸ்டன் 2224. ஃபூர்கா 2429. கொத்தார்டின் தெற்குப் பக்கம் திரெமோலா. கல் பதித்த பழைய வீதி, 24 ஊசி வளைவுகள். கல்லில் மிதிக்கும்போது கைப்பிடியின் அதிர்ச்சி தோள்வரை ஏறும். ஜூன் மாதத்திலும் உச்சியில் வீதியின் இருபுறமும் பனி சுவராக நிற்கும். கீழே வியர்த்து ஏறியவன் மேலே நடுங்கி இறங்குவான்.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்துவிடும். நுரையீரல் கேட்கிறதை அது கொடுக்காது. சமதரையில் சம்பாதித்த ஐந்து நிமிடத்தை அங்கே அரை மணியில் தொலைக்கலாம். இந்த எண்ணை, இரண்டாயிரத்தை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

1951 சுவிஸ் சுற்று கூப்லருக்கு. மூன்றாவது சட்டை. அந்த ஆண்டு பெல்ஜியத்தின் பெரிய ஒருநாள் ஓட்டங்களில் இரண்டையும் அவர் வென்றார். செப்டம்பரில் இத்தாலியின் வரேசேயில் உலக வெற்றியாளரும் ஆனார்.

ஆனால் அந்த ஆண்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் கூப்லரைச் சொல்லமாட்டார்கள். ஒரே ஒரு மதியத்தைச் சொல்வார்கள்.

ஜூலை 15, பிரான்ஸ் சுற்று. பிரீவ் நகரிலிருந்து ஆஜென் நகருக்கு 177 கிலோமீட்டர். மலை இல்லாத கட்டம். இப்படிப்பட்ட நாளில் பெரிய பெயர்கள் ஒன்றாக உருண்டு, கதை பேசி, கடைசியில் வேகமெடுப்பது வழக்கம். கோப்லெட் முடிவுக்கு 135 கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாகக் கிளம்பினார். வெயிலில் புத்தி பிசகிவிட்டதென்று முதலில் நினைத்தார்கள். பிறகு துரத்தத் தொடங்கினார்கள். கோப்பி, பார்த்தாலி, போபே, ஜெமினியானி, மாக்னி, ஒக்கர்ஸ் என்று அந்தக் காலத்தின் பெரிய கால்கள் எல்லாம் ஒரு பக்கம். ஒற்றை மனிதன் மறுபக்கம். மூன்று மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை.

ஆஜென் எல்லை வந்ததும் கோப்லெட் ஈரப் பஞ்சை எடுத்து முகம் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். கோட்டைக் கடந்தார். இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தார். இரண்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடி கழித்து, புழுதி படிந்த முகங்களோடு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

பிரெஞ்சுக் கலைஞர் ஒருவர் அவருக்கு 'பெடலர் த ஷார்ம்' என்று பெயர் வைத்தார். மிதிப்பதில் ஒரு மயக்கு என்று பொருள். பாரிஸில் முடிந்தபோது இரண்டாவதாக வந்த ஜெமினியானி 22 நிமிடம் பின்னால் இருந்தார்.

எனக்கு அந்தச் சீப்பு முக்கியம். பகட்டு என்று அதைச் சொல்லிவிடலாம், சொன்னவர்களும் உண்டு. ஆனால் பாண் கடைப் பையனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: எத்தனை மேடு ஏறி வந்திருந்தாலும், வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போது மூச்சிரைக்கக் கூடாது.

* * *

1952 ஜூன்.

சுவிஸ் சுற்றில் கோப்லெட் உடம்பு முடியாமல் ஓடினார். அப்போது ஓட்டத்தில் இருந்த மருத்துவர் ஒருவர் அவருக்கு ஊக்க மருந்து ஊசி ஒன்றைப் போட்டதாகவும், அதன்பின் அவருடைய இதயம் விரிந்துவிட்டதாகவும் பின்னாளில் பேசப்பட்டது. அந்தக் காலத்தில் இது சட்டவிரோதமும் அல்ல, இரகசியமும் அல்ல. சைக்கிளோட்டத்தில் மருந்துச் சோதனை என்ற ஒன்று வரவே இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஓட்டக்காரர் களைத்தார், ஊசி போட்டார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதுபோல.

ஊசியைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கலாம். பிறகு நடந்ததை வீதியோரம் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே கோப்லெட்டுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

அந்த ஆண்டுச் சட்டை கூப்லருக்கும் இல்லை, கோப்லெட்டுக்கும் இல்லை. பாஸ்குவாலே ஃபோர்னாரா என்ற இத்தாலியர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார். இத்தாலி மொழியில் பாண் சுடுகிறவருக்கு 'ஃபோர்னாயோ' என்று பெயர்; ஃபோர்னாரா என்ற குடும்பப் பெயரும் அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். மூன்றாவது பாண்காரர்! இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்.

* * *

1953 ஜூன் 1. ஸ்தெல்வியோ, 2758 மீட்டர். சுவிஸ் எல்லைக்கு ஒட்டினாற்போல் நிற்கிற மலை.

இத்தாலிச் சுற்றின் கடைசிக்கு முந்தைய கட்டம், போல்சானோவிலிருந்து போர்மியோ. முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டை கோப்லெட் உடம்பில். ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்னால் கோப்பி.

(கோப்பி என்றால் நமக்குக் குடிக்கிற கோப்பி. இத்தாலியருக்குக் கும்பிடுகிற கோப்பி.)

ஓட்டம் முடிந்த மாதிரித்தான் என்று பலரும் நினைத்தார்கள். கோப்பியே மனத்தளவில் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பேச்சு. அன்று காலை நடந்ததாக இத்தாலியர் இன்றும் சொல்லும் கதை இது. கோப்லெட் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கோப்பியின் அணியில் எத்தோரே மிலானோ என்றொரு துணை ஓட்டக்காரர். அவர் ஏதோ சாக்குச் சொல்லிக் கோப்லெட்டின் அருகே போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களைப் பார்த்துவிட்டார். சிவந்திருந்தன. இரவு தூங்காத கண்கள். செய்தி கோப்பியின் காதுக்குப் போனது.

மலை ஏறத் தொடங்கியது. நீனோ தெஃபிலிப்பிஸ் என்ற இளைஞர் முதலில் பாய்ந்தார். கோப்லெட் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை, துரத்தினார். அந்தத் துரத்தலில் மூச்சு தீர்ந்தபோது, பின்னாலிருந்து கோப்பி புறப்பட்டார்.

வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கீழே பார்த்தால் இளஞ்சிவப்பு ஒரு புள்ளியாகச் சிறுத்துக்கொண்டே போனது. இரண்டாயிரத்தைத் தாண்டி இன்னும் எழுநூறு மீட்டர் இருந்தது.

இறக்கத்தில் கோப்லெட் உயிரைப் பணயம் வைத்தார், விழுந்தும் எழுந்தார். நேரம் திரும்பி வரவில்லை. ஓட்டம் முடிந்தபோது கோப்பி முதல், கோப்லெட் இரண்டாவது. இடைவெளி 1 நிமிடம் 29 விநாடி.

தலைமுடி கலைந்த கோப்லெட்டை அன்றுதான் பலரும் முதல்முறை பார்த்திருப்பார்கள்.

அதே மாதம் சுவிஸ் சுற்று தொடங்கியது. மனமும் உடம்பும் உடைந்தவர் வீட்டில் இருப்பார் என்று எதிர்பார்த்தார்கள். வந்தார். வென்றார். இரண்டாவது தங்கச் சட்டை. ஸ்தெல்வியோவில் மூச்சு விடமுடியாதவர் சொந்த மலைகளில் எப்படித் தாக்குப்பிடித்தார்? என் ஊகம் எளிது. கோப்பியின் மலையில் அவர் துரத்தினார், சொந்த மலையில் கணக்குப் போட்டார். எங்கே இழக்கலாம், எங்கே திருப்பி எடுக்கலாம் என்று தெரிந்த வீதிகள்.

* * *

1954ஐ விரைவாகக் கடக்கலாம். சுவிஸ் சுற்று மறுபடியும் ஃபோர்னாராவுக்கு. ஆனால் அந்த ஆண்டு இத்தாலியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை.

கார்லோ கிளெரிச்சி, கோப்லெட்டின் துணை ஓட்டக்காரர். துணை என்றால் தலைவருக்குத் தண்ணீர் எடுத்து வருவதும், காற்றை மறித்து முன்னால் ஓடுவதும், தேவைப்பட்டால் தன் சில்லையே கழற்றிக் கொடுப்பதும்தான் வேலை. சூரிச்சில் பிறந்தவர், இத்தாலியத் தகப்பனுக்கு. அதனால் பிறப்பால் சுவிஸ்காரர் அல்ல. குடியுரிமை கிடைத்துச் சில காலமே ஆகியிருந்தது.

நேப்பிள்ஸிலிருந்து லக்விலாவுக்குப் போன ஆறாம் கட்டத்தில் இன்னொருவரோடு சேர்ந்து முன்னால் ஓடினார். எடுபிடிதானே என்று யாரும் துரத்தவில்லை. பெரியவர்கள் வந்து சேர்ந்தபோது அரை மணிக்கும் மேலாகிவிட்டது. இனி என்ன செய்வது? தலைவர் கோப்லெட் சட்டையைத் தனக்குக் கேட்டிருக்கலாம். மாறாக, மீதி நாட்கள் முழுதும் தன் எடுபிடிக்குத் தானே எடுபிடியாக ஓடினார். சூரிச்சில் பிறந்த குடியேறியின் மகன் முதலாவது. 24 நிமிடம் 16 விநாடி பின்னால் அவருடைய தலைவர் இரண்டாவது.

அந்த ஓட்டத்தில்தான் பெர்னினா கணவாயில் ஓட்டக்காரர்கள் வேண்டுமென்றே ஆமை வேகத்தில் உருண்டு, 'பெர்னினா வேலைநிறுத்தம்' என்று பெயர் வாங்கினார்கள். இத்தாலியருக்கு அந்த ஆண்டு அவமானம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டுப் பேச்சுமொழி பேசி, சிவப்புக் கடவுச்சீட்டுக்காகப் படிவம் நிரப்பிக் காத்திருக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கிளெரிச்சியின் பெயரை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

* * *

1955இல் கூப்லருக்கு வயது 36ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. கோப்லெட்டுக்கு 30. கூப்லரிடம் மூன்று தங்கச் சட்டைகள்: 1942, 1948, 1951. கோப்லெட்டிடம் இரண்டு: 1950, 1953.

பிரான்சில் இவர்களில் ஒருவர் வென்ற ஆண்டில் மற்றவர் ஓடவில்லை. கூப்லர் வென்றபோது கோப்லெட் இல்லை, கோப்லெட் வென்றபோது கூப்லர் இல்லை. யார் பெரியவர் என்ற வாக்குவாதத்தைப் பாரிஸை வைத்துத் தீர்க்க வழியில்லை. சொந்த நாட்டு ஓட்டத்தின் கணக்குத்தான் தராசு. உணவுக் கடை மேசைகளில் பென்சிலால் அந்த எண்களை எழுதி எழுதி அழித்திருப்பார்கள்.

அந்த ஜூனில் கோப்லெட் மூன்றாவது சட்டையைப் போட்டார்.

மூன்றுக்கு மூன்று.

யாருக்கும் வெற்றி இல்லாத இந்தக் கணக்கு நாட்டுக்கு ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்திருக்கும். இருவரும் அதன்பின் நாலாவதைத் தொடவில்லை. தொட்டவர் யார் தெரியுமா? 1957லும் 1958லும் மறுபடி வந்து, மொத்தம் நாலு சட்டைகளோடு இன்றுவரை சாதனையை வைத்திருப்பவர் அந்த மூன்றாவது பாண்காரர், ஃபோர்னாரா.

கூப்லர் 97 வயதுவரை வாழ்ந்தார். 2016 டிசம்பரில் கண்மூடியபோது, பிரான்ஸ் சுற்றை வென்றவர்களில் உயிரோடிருந்த மிக மூத்தவர் அவர்தான்.

கோப்லெட்டுக்கு 1955இன் தங்கச் சட்டைக்குப் பிறகு ஒன்பதே ஆண்டுகள் இருந்தன. 1964 நவம்பர் 2ஆம் திகதி, சூரிச்சுக்கு வெளியே எஸ்லிங்கன் வீதி. வெள்ளை நிற ஆல்ஃபா ரோமியோ கார். ஓட்டிச் சென்றவர் அவர், தனியாக. நாலு நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார்; வயது 39.

இந்த நாட்டின் கணவாய் வளைவு ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கத் தெரிந்தவரின் கார், சாலையோரம் நின்ற ஒரு பேரிக்காய் மரத்தில் போய் மோதியது எப்படி?

(அடுத்த வாரம்)